கிளவுஸ் கேட்டவள்

வியாசர்பாடி பாக்ஸிங் மைதானத்துக்கு வந்த முதல் நாளே கிளவுஸ் எங்கே என்று கேட்கிறவர்களை ரமாபாய்க்குக் கண்ணில் காட்டக் கூடாது. அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் மாதக்கணக்கில் கயிறு தாண்ட வேண்டும், மண்ணில் காலை மாற்றி மாற்றி வைத்து ஒழுங்காக நிற்கப் பழக வேண்டும். அதுவரை கிளவுஸ் எல்லாம் மாஸ்டரின் சாக்குப்பையிலேயே கிடக்கும். ரமாபாய் மாவட்டப் போட்டிகளில் ஆடியவள். அதனால் மாலையில் புதியவர்களை மேய்க்கிற பொறுப்பு அவளுடையது. "நிக்கவே தெர்ல, இதுல இன்னா கிளவுஸு கேக்குது உனுக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்பாள். மூக்கைச் சிந்திக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களும் உண்டு. போனால் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

பகலில் அவளுக்குத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கழுத்தில் தொங்கும் அட்டையில் சிஸ்டம் சப்போர்ட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். நடப்பில் அது கேட் பூத்துகளில் பிரிண்டருக்குள் சிக்கிய பேப்பரை உருவுகிற வேலை, டிரெய்லர் நம்பர் பதியும் கைக்கருவிகள் மக்கர் செய்தால் தட்டி எழுப்புகிற வேலை. உப்புக்காற்றும் கரித்தூசியும் தின்றது போக மிச்சம் இருக்கிற ஒயர்களைத் தேடி மேசைக்கடியில் தவழ்வாள். மேலே நிற்கிற டிரைவர்கள், "ஏ பொண்ணு, சீக்கிரம் பாரு" என்று அதட்டுவார்கள். பட்டம் வாங்கியவளுக்கு அது பொறுக்கவில்லை. டிரைவர்களையும் மதிக்க மாட்டாள், அந்த வேலையையும் மதிக்க மாட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் கம்பெனி எண்ணூரில் ஒரு கண்காணிப்பு அறையைத் திறந்தது. கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குள் வெளியாள் எவனும் புகுந்துவிடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. யார்டில் இருப்பவர்களில் ஒருவரை எடுப்பார்கள், செக்யூரிட்டி சான்றிதழை முதலில் கொண்டுவருகிறவருக்கு ஒரு மாதம் வெள்ளோட்டம் என்று சொன்னார்கள். ஏசி அறை, சுழல் நாற்காலி, அதட்ட ஆளில்லாத மேசை. இது கை நழுவினால் ஆயுசுக்கும் மேசைக்கடிதான் என்று ரமாபாய் கணக்குப் போட்டாள்.

இந்தத் தொழிலில் கால் வைக்கிறவர்கள் வழக்கமாக எழுதுகிற பரீட்சைகள் மூன்று. கம்ப்யூட்டரின் உள்சாமான்களைப் பற்றி ஒன்று, கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற நெட்வொர்க்கைப் பற்றி ஒன்று, அதன் பிறகு செக்யூரிட்டி. இந்த வரிசையில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் முதலில் எழுதலாம். ஆளைக் கெடுக்க அது ஒன்று போதும்.

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் ஒரு பயிற்சி மையம் இருந்தது. முகம் தெரியாமல் முக்காடு போட்ட ஒருவன் லேப்டாப் முன் உட்கார்ந்திருக்கிற பேனர் வாசலை அடைத்துக்கொண்டு தொங்கியது. ரமாபாய் விசாரிக்கப் போனாள். உள்ளே டை கட்டிய ஓர் ஆள், கீழ்ப் பரீட்சைகள் எல்லாம் மெக்கானிக்குகளுக்கு, உங்களை மாதிரி ஆளுக்கு நேராக செக்யூரிட்டிதான் என்றான். அவன் பேச்சிலேயே அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வெளியே வந்து பேனருக்குக் கீழே துப்பிவிட்டு நடந்தாள். ஆளைத் துப்பியவள் அவன் சொன்ன யோசனையைத் துப்பவில்லை, அதை அப்படியே முழுங்கிவிட்டாள்.

யார்டில் அவளோடு அதே வேலை பார்க்கும் சைமனுக்கும் அந்த நாற்காலி மேல் கண். ராயபுரத்துக்காரன், அப்பா துறைமுகத்தில் இருந்தவர். அவன் முதல் பரீட்சையிலிருந்தே ஆரம்பித்தான். டீ நேரத்தில் தடியான புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்த பக்கத்தையே திரும்பப் படிப்பான். தூங்கி வழிவான், எழுந்து மறுபடி படிப்பான். பார்க்கப் பார்க்க ரமாபாய்க்கு எரிச்சல்.

"ஒயர் புடுங்கற வேலைய தெனம் செஞ்சிகினுதான கீறோம். அதுக்கு ஒரு புக்கா?" என்றாள். பூத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. சைமன் பக்கத்தைப் புரட்டினான். அவன் ஒன்றும் அப்பாவி இல்லை, வாங்கியதை மறக்காத ரகம்.

ரமாபாய் செக்யூரிட்டிக்கு நேராகத் தாவினாள். இணையத்தில் சுற்றுகிற பழைய கேள்விகளை எல்லாம் திரட்டி உருப்போட்டாள். எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள், ஏன் அந்த விடை என்று கேட்டால் முறைப்பாள். பாஸும் செய்துவிட்டாள். அப்போது சைமன் முதல் பரீட்சையை முடித்துவிட்டு நெட்வொர்க் புத்தகத்தில் பாதியில் நின்றுகொண்டிருந்தான். யார்டு முழுக்க பீஃப் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு ரமாபாய் எண்ணூருக்குக் கிளம்பினாள்.

அந்த அறைக்குத் தலைவி ஷம்ஷாத். அதிகம் பேசாத பெண்மணி. வெள்ளோட்டம் முடியப்போகிற சமயத்தில் ஒரு நாள் காலை அவர் மீட்டிங்கில் இருந்தார். திருவொற்றியூர் யார்டின் கைக்கருவிகள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. அவை இருந்த இடத்தில் முன்பின் பார்த்திராத ஐபி நம்பர்கள் முளைத்தன. நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் வீட்டுக்கு விலாசம் போல ஒரு ஐபி நம்பர் உண்டு. வேற்று விலாசங்களைப் பார்த்ததும் ரமாபாய்க்கு உருப்போட்ட தாக்குதல் பெயர்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எவனோ புகுந்துவிட்டான் என்று முடிவு கட்டினாள். யாரையும் கேட்காமல் யார்டின் இணைப்பை மொத்தமாகத் துண்டித்தாள். கேட்டுகள் நின்றன. யார்டுக்கு வெளியே எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

ஷம்ஷாத் வந்து திரையைப் பார்த்தார்.

"இந்த ஐபி எல்லாம் குடுத்தது எது?" என்றார்.

"ஹேக்கர் மேடம்."

"ஆளைக் கேக்கல. எந்தப் பெட்டி குடுத்ததுன்னு கேட்டேன்."

ரமாபாய்க்குக் கேள்வியே புரியவில்லை. ஐபி நம்பரை ஒரு பெட்டி கொடுக்கும் என்பதே அவளுக்குப் புதுச் சேதி. நெட்வொர்க் புத்தகத்தை நாலு நாள் புரட்டியவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஷம்ஷாத் யார்டுக்குப் போன் போட்டு, கேட் பூத்துகளில் இருக்கக் கூடாத பெட்டி ஏதாவது இருக்கிறதா பார் என்றார். சைமன் போய்ப் பார்த்தான். ஒரு பூத்தின் மேசைக்கடியில் சின்ன வைஃபை பெட்டி ஒன்று பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பூத்தில் சிக்னல் கிடைக்காமல் டிரைவர்கள் கத்திய காலத்தில் ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கி மாட்டிய பெட்டி. அதுவும் ஐபி நம்பர் கொடுக்கிற சாதிதான். அன்று காலை கரண்ட் போய் வந்தபோது, வழக்கமாக நம்பர் கொடுக்கிற யார்டின் பெரிய பெட்டி சோம்பல் முறித்து எழுவதற்குள் இந்தக் குட்டிப் பெட்டி முந்திக்கொண்டது. கேட்ட கருவிக்கெல்லாம் தன் இஷ்டத்துக்கு நம்பரை வாரிக் கொடுத்தது. வெளியாள் எவனும் வரவில்லை.

"நெட்வொர்க் படிச்சியா?" என்று ஷம்ஷாத் கேட்டார்.

"இல்ல மேடம். நேரா செக்யூரிட்டி எழுதிட்டேன்."

ஷம்ஷாத் ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை ரமாபாய் நன்றாக அறிவாள். மைதானத்தில் புதியவர்களைத் தினமும் அவள் பார்க்கிற பார்வை அது. வாங்கிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

அந்தப் பெட்டியை யார் மாட்டினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று ஷம்ஷாத் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "நான்தான் மேடம்" என்றாள் ரமாபாய். அதையாவது மறைக்காமல் சொன்னாள்.

வெள்ளோட்டம் அன்றோடு முடிந்தது. பழைய அட்டையை மாட்டிக்கொண்டு பழைய பூத்துக்கே திரும்பினாள். சைமன் நெட்வொர்க்கை முடித்தான், அவசரப்படாமல் செக்யூரிட்டியையும் முடித்தான். எண்ணூருக்குப் போவதற்கு முதல் நாள் தன் சாமான்களை எடுக்கப் பூத்துக்கு வந்தான். ரமாபாய் மேசைக்கடியில் இருந்தாள். அந்தப் பெட்டி இருந்த அதே மேசை.

"சைமா," என்றாள் அங்கிருந்தே. "அந்த நெட்வொர்க் புக்கு இனிமே உனுக்கு வேணுமா?"

சைமன் குனிந்து பார்த்தான். சுற்றிலும் டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று நிதானமாகச் சொன்னான்.

"ஒயர் புடுங்கற வேலைய தெனம் செஞ்சிகினுதான கீற ரமா. அதுக்கு ஒரு புக்கா?"

டிரைவர்கள் சிரித்தார்கள். அது ரமாபாய் சொன்ன அதே வார்த்தை. சைமன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தரையில் போட்டான். ஷூ நுனியால் மேசைக்கடிக்குத் தள்ளிவிட்டுப் போனான்.

வேறு நாளாக இருந்தால், புத்தகத்தைக் காலால் தள்ளியவன் சட்டையைப் பிடிக்காமல் அவள் விட்டிருக்க மாட்டாள். இன்று எழுந்திருக்கவில்லை. துப்பட்டாவால் புத்தகத்தின் கரித்தூசியைத் துடைத்தாள். மேசைக்கடியிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள்.