எரிநட்சத்திர மாலையில் ஒரு வெள்ளை விளக்கு

ஜப்பானின் ஒகயாமா மலைச்சரிவில் உள்ள எங்கள் கல்லூரியின் கோளரங்கத்தில் ஷியோதானி ஃபுசயே நெடுநாளாக வர்ணனையாளர். பகலில் அலுவலக வேலை. சனிக்கிழமை மாலைகளில் ஊர்மக்களுக்கான காட்சி. பதிவு செய்த குரலை அவர் ஒருமுறைகூட ஓடவிட்டதில்லை. குவிமாடத்தின் விளிம்பில் எங்கள் ஊரின் நிழலுருவம் தெரியும்: நெற்கிடங்கு, ரயில் பாலம், மருத்துவமனைக் கட்டடம். அவற்றுக்குப் பின்னால் சூரியனை மெல்ல இறக்கிவிட்டு, நட்சத்திரங்களைச் சுட்டும் ஒளி அம்பை எடுத்து, அன்றைய வானத்தைப் பேசத் தொடங்குவார்.

அந்த வானத்தை அவரால் பார்க்க முடியாது என்பது எங்களில் எவருக்கும் தெரியாது.

அவருக்கு மாலைக்கண். பரம்பரையாக வரும் விழித்திரை நோய் என்றும், முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு பார்வையின் ஓரங்கள் சுருங்கிக்கொண்டே வரும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். குவிமாடத்துக்குள் அவருக்குத் தெரிந்தது பிரகாசமான அந்த அம்பு ஒன்றுதான். மற்றதெல்லாம் விரல்களின் பழக்கம். எல்லோரும் இருட்டில் இருந்ததால் அவருடைய இருட்டு தனியாகத் தெரியவில்லை.

அவருடைய பணி ஒப்பந்தம் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் புதுப்பிக்கப்படுவது. வாடகைக்குக் கிடைக்கும் பதிவுக் காட்சிகளைப் பற்றி நிர்வாகத் தலைவர் நகமினே கூட்டங்களில் அவ்வப்போது பேசினார். கண்ணைப் பற்றித் தெரிந்தால் குவிமாடம் கைவிட்டுப் போகும் என்று ஷியோதானி அஞ்சினார். பிற்பாடு என்னிடம் பேசியபோது, நோயைவிட அந்த மார்ச் மாதத்துக்கே அதிகம் பயந்ததாகச் சொன்னார்.

குவிமாடத்தைவிட மொட்டைமாடி கொடியது. வான்நோக்கு மாலைகளில் அவர் படிக்கட்டுக் கதவின் அருகே, கைப்பிடிக் கம்பியை விடாமல் நிற்பார். தொலைநோக்கிகளை அலுவலகத்தினரான நாங்களும் மாணவர்களும் பார்த்துக்கொள்வோம். பொறுப்பை இளையவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை என்று அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

டிசம்பர் எரிநட்சத்திர மாலைக்கு மக்கள் பெரும்பாலும் நீல நெகிழிப் பாய்களோடு வருவார்கள். மாடியெங்கும் விரித்து மல்லாந்து படுப்பார்கள். வெள்ளை வெளிச்சம் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் கண்டிப்பான வழக்கம். கைவிளக்குகளில் சிவப்புத் தாள் சுற்றியிருக்கும். கைபேசியைத் திறப்பவரைப் பக்கத்துப் பாய்க்காரரே அதட்டுவார். ஒருமுறை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக வெகுநேரம் ஆகும்.

அந்த ஆண்டு இலையுதிர்காலப் புயலில், கீழே மூன்று தளம் ஆழமுள்ள படிக்கட்டுக் கூடத்துக்கு வெளிச்சம் தர மாடித் தரையில் பதித்திருந்த கண்ணாடி உடைந்திருந்தது. மெல்லிய பலகையால் மூடி, மேலே நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். எரிநட்சத்திர மாலையன்று பிற்பகல் ஷியோதானியே போய் பலகையை அழுத்திப் பார்த்து, சுற்றிலும் எச்சரிக்கைக் கூம்புகள் இருப்பதை உறுதி செய்துகொண்டார்.

இருட்டியதும் கூட்டம் நிறைந்தது. ஒரு காட்சியையும் தவறவிடாத ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் தொகுரா எங்கிருந்தோ குரல் கொடுத்தார்.

"என்ன ஷியோதானி சான், கதவு ஓடிப்போயிடும்னு பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்களா? வானம் இந்தப் பக்கம்தான் இருக்கு!"

சிரிப்பு எழுந்தது. நகமினேயும் சேர்ந்துகொண்டார். "அதானே. குளிர்ல வந்திருக்காங்க, பாவம். நடுவுல வந்து நாலு வார்த்தை பேசுங்க."

மறுக்க முடியவில்லை. நகமினேயின் காலணிச் சத்தத்தைப் பின்பற்றி ஷியோதானி நடந்தார். சத்தம் நின்ற இடத்தில் நின்றார். கம்பி இல்லை, சுவர் இல்லை. எந்தப் பக்கம் கதவு, எந்தப் பக்கம் விளிம்பு என்பதே குழம்பிப்போயிற்று. இருந்தும் கையை உயர்த்தி மிதுன ராசியைப் பற்றிப் பேசினார். குரல் நடுங்கியதைக் குளிர் என்று நினைத்தோம்.

பேச்சுக்கு நடுவே ஓர் ஓசை அவர் காதில் விழுந்தது. மாடி முழுக்கப் பாய்கள் சரசரத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இந்தச் சரசரப்புக்கு அடியில் மரம் முனகியது.

"குவபாரா," என்று அவர் மாணவனை அழைத்தார். "கூம்பெல்லாம் அங்கேயே இருக்கில்ல?"

"அதுவா? அதுங்க தலையில லைட்டு மின்னிக்கிட்டே இருந்துச்சு ஷியோதானி சான். கண்ணு கெட்டுப்போகுமேன்னு உள்ள கொண்டுபோய் வெச்சுட்டேன்." கதவருகிலிருந்து வந்த பதிலில் பெருமை இருந்தது.

"யாராவது நீலத் தார்ப்பாய் மேல படுத்திருக்கீங்களா? தயவுசெஞ்சு சொல்லுங்க."

"எல்லாருதும் நீலந்தானேம்மா!" என்றது ஒரு குரல்.

"என்னோடது பூப்போட்டது. இருட்டுல அதுவும் சாம்பல்தான்," என்றாள் ஒரு பெண்.

உண்மைதான். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கும் நிறம் தெரியாது. வானத்தை ஒரு கோடு கிழித்தது, எல்லோரும் "ஓ!" என்றார்கள். அந்த ஆரவாரத்துக்குள் மரம் மறுபடியும் முனகியது.

"யாரும் எழுந்திருக்காதீங்க. குவபாரா, பெரிய விளக்கைப் போடு!"

"வெள்ளை விளக்கா? இப்பவா?"

"என்னாச்சு உங்களுக்கு?" நகமினே குரலைத் தாழ்த்தினார். "இவ்வளவு பேரோட கண்ணையும் கெடுக்கணுமா? அந்தப் பலகை எங்க இருக்குன்னுதான் உங்களுக்குத் தெரியுமே. நாலடி போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

அந்த நேரத்தில் ஒரு பொய் போதுமாயிருந்தது. ஆனால் பொய் சொல்ல நேரமில்லை என்று அவர் உணர்ந்தார்.

"போக முடியாது. எனக்கு இருட்டுல ஒண்ணுமே தெரியாது. ரொம்ப நாளா தெரியாது. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? இப்பவாவது விளக்கைப் போடுப்பா!"

விளக்கு எரிந்தது. மாடி முழுவதும் முனகியபடி முகத்தை மூடிக்கொண்டது. விரலிடுக்கில் நாங்கள் பார்த்தபோது, விரிக்காத தன் பாயைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வழுவழுப்பான விரிப்பு ஏற்கெனவே கிடைத்த மகிழ்ச்சியில், நெஞ்சில் தேநீர்க் குடுவையோடு தார்ப்பாயின் நட்டநடுவில் கிடந்தார் தொகுரா. அவருக்கடியில் பலகை தொட்டில்போல் குழிந்திருந்தது. அவர் முழங்கையை ஊன்றினார்.

"எழுந்திருக்காதீங்க! உருளுங்க, அப்படியே சுவர்ப் பக்கமா உருளுங்க!" என்று கத்தினார் ஷியோதானி.

"உருளவா? நான் என்ன பீப்பாயா?" என்றார் தொகுரா, ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் உருண்டார். குடுவை மட்டும் பின்தங்கிக் குழிக்குள் சரிந்தது. பலகை பிளந்தது. கீழே கல்தரையில் குடுவை மோதிய ஓசை மிகவும் தாமதமாக வந்தது.

ஷியோதானி தன் காலைப் பார்த்தார். காலணி நுனி தார்ப்பாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. நகமினே போகச் சொன்ன திசையில் அவருக்கு முன்னால் இருந்தது அது மட்டுமே. அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். அன்றைய எரிநட்சத்திர எண்ணிக்கை எங்கள் பதிவில் அந்த இடத்தோடு நிற்கிறது.

திங்கட்கிழமை நகமினே, எங்கள் மேசைகளுக்கு நடுவிலேயே, அவரிடம் கேட்டார்.

"குவிமாடத்துக்குள்ளயுமா?"

"உள்ளயும்தான்."

"அப்ப அம்பு காட்டுறது?"

"கைப்பழக்கம். எத்தனை தடவை தப்பான நட்சத்திரத்துல நின்னுச்சோ, தெரியல. யாரும் சொல்லல."

தொகுரா காலையிலேயே வந்து நன்றி சொல்லிப் பெட்டி நிறைய மாண்டரின் ஆரஞ்சு வைத்துவிட்டுப் போயிருந்தார். அது இருவருக்கும் இடையே மேசைமேல் இருந்தது.

"மார்ச் வரட்டும். யோசிச்சுப் பாக்கலாம்," என்றார் நகமினே கடைசியாக. எங்கள் அலுவலகத்தில் 'யோசித்துப் பார்க்கலாம்' என்றால் பெரும்பாலும் மறுப்புதான்; யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஷியோதானி குனிந்து வணங்கினார்.

மாலை, வெயில் மங்கத் தொடங்கியதுமே பையை எடுத்துக்கொண்டார். இருட்டுவதற்குள் பேருந்து நிறுத்தத்தை அடைய வேண்டும் என்று முதல்முறையாக வெளிப்படையாகச் சொன்னார். குவபாரா மேலங்கியை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"நானும் வர்றேன் ஷியோதானி சான்."

அவர் வாசலில் நின்று, சரிவில் இறங்கும் பாதையை ஓரத்திலிருந்து ஓரம்வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னிக்குத் தெரியுது," என்றார். "நாளைக்குக் கேளு."