ஜெபமணி கை வைத்த எலுமிச்சம்பழம்

மராட்டிச் சீமையில், போபோடியில் பழைய பம்பாய் ரோட்டோரம் தள்ளுவண்டியில் இட்லி விற்ற ஜெபமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்கு ஈடுகொடுக்கத் தமிழ் லாரி டிரைவர்களால்தான் முடிந்தது. புருஷன் ஃபாக்டரி வேலையில் இருக்கும்போதே கண்ணை மூடிவிட்டார். மகள் ஷீலா ஊரின் மறுகோடியில், கோந்த்வாவில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் சண்டை போடுவதுகூட ஹிந்தியில்தான். ஆக, ஜெபமணி வாயாரத் தமிழ் பேசியதெல்லாம் ரோட்டில்தான்.

டிரைவர்களில் மாடசாமி தனி ரகம். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி ஏற்றி வருபவன். நாலு இட்லியை ஒரு மணி நேரம் தின்பான். அவ்வளவு நேரமும் ஊர்க்கதை. கிளம்பும்போது முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது ஜெபமணிதான். ஒருமுறை அவள் வைத்த பழத்தை நசுக்கிப் போனபோது பம்பாயில் சரக்கை இறக்கிய கையோடு திரும்பி வர லோடு கிடைத்ததாம். அதன் பிறகு அவனுக்கு வேறு கை ஆகாது.

"யக்கா, நீங்க வேதக்காரவுக. பாதிரியார் பாத்தா வையமாட்டாரா?"

"வஞ்சா வஞ்சுட்டுப் போறாரு. நீ ஒழுங்கா போய்ச் சேருலே."

இரண்டாயிரத்துக்குப் பிறகு பைபாஸ் வந்தது. ரோடு போட்டவனைத் திட்ட முடியுமா? அந்தப் பக்கம் எத்தனையோ பேருக்கு வேலை கிடைத்தது. போபோடியில் புகை குறைந்தது, பிள்ளைகள் பயமில்லாமல் ரோட்டைத் தாண்டினார்கள். லாரிகள் மட்டும் ஊரைச் சுற்றிப் போய்விட்டன. வியாபாரம் பாதியானது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். "தோ பிளேட்" என்று கேட்டு, வாய் திறக்காமல் தின்றுவிட்டுப் போகிறவர்களைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பாழாய்ப்போன மனசு கேட்கிறதா? மாடசாமி வருவானென்று எடுத்து வைத்த பழம் வாடவாட மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா, எங்ககூட வந்துரு" என்று ஷீலா மல்லுக்கு நின்றாள். ஜெபமணி ஒருவழியாகச் சம்மதித்தாள். ஆனால் மாடசாமியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிப் போவது? என்றாவது அவன் தேடி வந்து, வண்டி இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தால்?

இட்லியைக் கட்டிக்கொண்டு, பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, ஆட்டோ பிடித்து வாகட் பக்கம் பைபாஸுக்குப் போனாள். ரோடென்றால் ஓரமாக நின்றால் வண்டி நிற்கும் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி. தமிழ்நாட்டு லாரிகள் வந்தன, நிறையவே வந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம் கண்ணில் படுவதற்குள் வண்டி போய்விட்டது. கையை ஆட்டிப் பார்த்தாள். "ஏலே மாடசாமி!" என்று கத்தியும் பார்த்தாள். எந்த வண்டியில் இருந்தானோ, அன்று வந்தானோ இல்லையோ, யார் கண்டது? இட்லி ஆறிப்போயிற்று.

ஓரமாகக் காத்திருந்த மராட்டி ஆட்டோக்காரர், "சலா மௌஷி" என்று சித்தி முறை வைத்துக் கிளம்பக் கூப்பிட்டார். ஜெபமணி முந்தானையை அவிழ்த்துப் பழத்தை ஆட்டோவின் முன்சக்கரத்தடியில் வைத்தாள். அவர் முழித்தார். ஏறி உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"அவனும் ஒன்னய மாதிரிதாம்ப்பா, மீசைய முறுக்கிக்கிட்டே இருப்பான்…"

"மௌஷி, தமிழ் நஹி ஆதா."

"தெரியும்ப்பா. நீ ஓட்டு, நான் பேசிக்கிட்டே வாரேன்."