கொதித்தாறின தண்ணீர்

ஸ்ரௌவ்வில் என்ற சிறு நகரத்துக்கு வெளியே நாங்கள் வீடு வாங்கியபோது நகரத்துத் தண்ணீர்க் குழாய் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. வீட்டுக்கு முன்னால் குழாய்க்கிணறு, பின்னால் புல்லுக்கு அடியில் கக்கூஸ் கழிவு இறங்கும் செப்ரிக் ராங்க். கனடாவுக்கு வந்தும் கிணற்றுத் தண்ணீரா என்று பெருநகரத்துக்குள் மோர்னிங்சைட்டில் இருந்த சொந்தக்காரர் சிரித்தார்கள். என் கணவருக்கோ அதில்தான் பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கிளாஸை நீட்டி, "குடிச்சுப் பாருங்கோ, குளோரின் மணமே இல்லை" என்பார். தேத்தண்ணி கொடுக்க முன்னர் பச்சைத் தண்ணீர் கொடுத்து ஆட்களை வதைத்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகன் பிறந்து சில வாரங்கள்தான். எனக்குப் பால் காணாது, அதனால் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாப்பால். கணவர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் பொழுதுபடும்வரை நானும் பிள்ளையும்தான். நடந்து போகக் கடை கிடையாது, பஸ் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே பெரிய சோள வயல். அதை ஒரு கம்பனி வாங்கி வீடுகள் கட்டப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்று நான் பாயாசம் காய்ச்சினேன். கணவரின் நண்பர்கள் சிலர் அங்கே வாங்கத் தயாராக இருந்தார்கள். கதைக்க நாலு மனிசர் கிடைப்பார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் அந்த வீடுகளுக்கும் செப்ரிக் ராங்க்தான். அத்தனை ராங்க்குகளில் இருந்து இறங்கும் நைதரசனை அந்த நிலம் தாங்குமா, எவ்வளவுக்கு அனுமதிக்கலாம் என்று சுகாதாரச் சபை பழைய அளவுகளைத் திரும்பப் பார்க்கத் தொடங்கியது. ஊராரின் கருத்தைக் கேட்க ஒரு பின்னேரம் கூட்டம் வைத்தார்கள். கணவர் வீடுகளை ஆதரித்துப் பேசப் பெயர் கொடுத்தார்.

"பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாரும்," என்றார். "உந்தத் தண்ணியிலை வளருற பிள்ளை எப்பிடிக் கொழுகொழு எண்டு இருக்கிறான் எண்டு அவங்கள் பாக்கட்டும்."

"பிள்ளை என்ன, கண்காட்சிச் சாமானே?"

கேட்டேனே தவிர, நல்ல சட்டை போட்டுத்தான் கொண்டுபோனேன். எனக்கும் அந்த வீடுகள் வேண்டும்.

முதலில் சுகாதாரச் சபையில் வேலை செய்யும் ஒரு பெண் விளக்கம் சொன்னாள். நைதரசன் நிலத்துக்குள் இறங்கி நைத்திரேற்றாக மாறிக் கிணறுகளுக்குப் போகும் என்றாள். பள்ளிக்கூடத்தில் தமிழில் பாடமாக்கிய சொல் ஆங்கிலத்தில் வந்து விழுந்ததும் பரீட்சையில் பாஸான மாதிரி எனக்கு ஒரு சின்னப் புளுகம். மகன் சிணுங்கினான். போத்தலை வாயில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு நிறம், மணம், ருசி ஒன்றும் இல்லை என்றாள். பெரியவர்களை அவ்வளவாகப் பாதிக்காது. போத்தல் பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் கோப்பி நிறமாகும், தோல் நீலம் பாரிக்கும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். திரையில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படத்தைக் காட்டினாள். வாயைச் சுற்றி நீலம்.

நான் பயப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவள் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர் கொடுப்பாள்? பிள்ளைப்பெற்ற வீட்டில் முதல் சட்டமே கொதித்தாறின தண்ணீர். அதிலும் நான் ஒரு கொதியோடு இறக்குகிறவள் அல்ல. சட்டியில் விட்டு, கசாயம் மாதிரி வற்ற வற்றக் காய்ச்சுவேன். பிள்ளைக்குச் சளி பிடித்தால் இன்னும் கொஞ்சம் கூட.

முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர், அப்படியானால் கொதிக்கவைத்தால் சரிதானே என்று கேட்டார்.

அதுதான் செய்யவே கூடாதது என்றாள் அவள். தண்ணீர் ஆவியாகப் போகும், நைத்திரேற்று போகாது. கொதிக்கக் கொதிக்க அது கூடும்.

போத்தலை மகனின் வாயிலிருந்து பறித்தேன். அவன் வீரிட்டான். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அவன் உதட்டைப் பார்த்தேன். படத்தில் இருந்தது வெள்ளைத் தோல். எங்கள் நிறத்தில் நீலம் எப்படித் தெரியும்? அந்த ரியூப்லைற் வெளிச்சத்தில் என் கையே நீலமாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பியவரின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "இஞ்சாருங்கோ, இவன்ரை சொண்டைப் பாருங்கோ."

பார்த்தார். மைக் முன்னால் போய் நின்றார். பாடமாக்கி வந்த ஆங்கிலப் பேச்சில் ஒரு வசனம்தான் வெளியே வந்தது: என் மகன் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறான். பிறகு, கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று கேட்டார்.

அந்தப் பெண் ஓடி வந்து நகங்களையும் சொண்டின் உட்புறத்தையும் பார்த்தாள். இரத்தம் பார்த்தால்தான் தெரியும், இப்போதே போங்கள் என்றாள்.

காரில் மகன் நித்திரையாகிவிட்டான். நான் காலைக் கிள்ளி எழுப்பினேன். அழுதால், மூச்சு வீணாகுதே என்று பயம். அழாவிட்டால் அதைவிடப் பயம்.

"நித்திரைதானே கொள்ளுறான்," என்றார் கணவர்.

"உங்களுக்குத் தெரியுமோ அது நித்திரை எண்டு?"

அவர் காரை இன்னும் வேகமாக விட்டார். சோள வயலில் இன்னும் ஒரு வீடும் எழும்பவில்லை. எங்கள் கிணற்றில் ஏதும் இருந்தால் அது எங்கள் ராங்க்கில் இருந்தும் பக்கத்து ராங்க்குகளில் இருந்தும் இறங்கியதாகத்தான் இருக்கவேண்டும். இருவருக்கும் அது விளங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும்போது தாய்மார் முகத்தைத் திருப்புவார்கள். நான் குனிந்து பார்த்தேன். சிவப்புத்தான் வந்தது. எனக்கு அது போதிய சிவப்பாகத் தெரியவில்லை. தாதியின் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நெடுநேரம் கழித்து டொக்டர் வந்தார். ஒட்சிசனைக் காவாத இரத்தத்தின் அளவு கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் தானாக இறங்கிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை, இனி அந்தத் தண்ணீரைத் தொடவேண்டாம் என்றார். கணவர் சுவரோடு சாய்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் சொன்னதை நம்ப வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

மகன் பசியில் கத்தினான். தண்ணீர் சேர்க்கத் தேவையில்லாத, மூடி முத்திரையிட்டு வந்த பால் போத்தல் ஒன்றைத் தாதி கொண்டுவந்து தந்தாள். மகன் வாயைத் திறந்துகொண்டு வந்தான். என்னால் வைக்க முடியவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நான் முதலில் குடித்துப் பார்த்தேன். ருசியில் தெரியாது என்று கூட்டத்தில் கேட்டவள் நான். பெரியவர்களை ஒன்றும் செய்யாது என்பதையும் கேட்டவள்தான். இருந்தும் குடித்துப் பார்த்தேன், இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகுதான் கொடுத்தேன். அவன் குடித்து முடியும்வரை அவனுடைய விரலை என் விரல்மேல் பிடித்து, நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.