நீல நோட்டில் நான் எழுதிய அளவுகள்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் லைனில் ஓடும் பாகத்தில் ஒன்றை எடுத்து அளந்து, அந்த அளவைச் செக் ஷீட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். நாங்கள் எழுதுவதோ ஷிஃப்ட் முடிய அரை மணி இருக்கும்போது. எட்டுக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவோம். ஒரகடத்தில் பதினான்கு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே எண்ணை இரண்டு தரம் எழுதக் கூடாது. கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் ஆட்டிவிட வேண்டும். பாதியில் பேனாவை மாற்ற வேண்டும். ஓர் எண்ணை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவைத்தால் ஆடிட்டருக்கு உச்சி குளிர்ந்துவிடும். பாகம் நன்றாகத்தானே வருகிறது, பேப்பரில் என்ன இருந்தால் என்ன என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம்.

எல்லைக்கு வெளியே ஓர் அளவு வந்துவிட்டால் மட்டும் விளையாட முடியாது. அந்தப் பாகம், கழித்ததைப் போடும் சிவப்புப் பெட்டிக்குப் போகும். அதற்குள் போனதை யாரும் திரும்ப எடுத்து நான் பார்த்ததில்லை.

என் கணவருக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருஷம் ஆகிறது. ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை முதலில் கண்ணைப் பிடித்தது. லேசர் வைத்தும் பார்வை மங்கல்தான். ஆளைத் தெரியும், எழுத்தும் எண்ணும் தெரியாது. அதனால் அவரை வண்டியிலிருந்து இறக்கி, அதே கிடங்கின் கேட்டில் நிறுத்தினார்கள். கன்டெய்னர் லாரி வந்தால் தடுப்பைத் தூக்கிவிட வேண்டும், போனால் இறக்க வேண்டும். நாள் முழுக்க வெயில். அந்த வருஷமே சிறுநீரில் புரதம் போகிறது, சிறுநீரகம் கெட ஆரம்பித்துவிட்டது என்றார்கள். எங்கள் படப்பை வீட்டுத் தெருவில் ஒருவர் வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போய்வந்து, மூன்றாம் வருஷம் போய்ச் சேர்ந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சிறுநீரகத்துக்குப் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள், சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்கள். அங்கே எல்லோரும் அதை ஸ்டடி என்றுதான் சொன்னார்கள். ஒரு பெரிய கூடம், சுற்றிலும் அறைகள். ஓர் அறையில் ஆஸ்துமாவுக்கு, இன்னொன்றில் தோல் நோய்க்கு, கடைசியில் கல்லீரலுக்கு என்று என்னென்னவோ ஆராய்ச்சி நடந்தது. ஒவ்வொரு ஸ்டடிக்கும் ஒரு நிறத்தில் நோட்டு கொடுத்திருந்தார்கள். எங்களுடையது நீலம். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, உலகத்தில் இருக்கிற வியாதிக்கெல்லாம் நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. செல்போனில் வருகிற செய்திகளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நான் அவற்றைச் சத்தமாகப் படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

சேருவதற்கு முன் எங்களை ஒரு கேமரா முன்னால் உட்கார வைத்தார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம்.

"டாக்டருக்கே தெரியாதுன்னா வேற யாருக்குத்தான் சார் தெரியும்?" என்றார் என் கணவர்.

"கம்ப்யூட்டருக்குத் தெரியும்" என்று சிரித்துவிட்டு, டாக்டர் என் பக்கம் திரும்பினார். தினமும் காலையிலும் மாலையிலும் ரத்த அழுத்தம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மேல் அளவு நூறுக்குக் கீழே போனால் போன் செய்ய வேண்டும். வாந்தி பேதி வந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு போன் செய்ய வேண்டும். "புரிஞ்சுதாம்மா?" என்றார். நான் தலையாட்டினேன். நான் தலையாட்டுவது அந்த வீடியோவில் இருக்கிறது.

முதல் இரண்டு மாதம் நாங்கள் தரையில் கால் பாவாமல் நடந்தோம். புரதம் போவதால் அவருக்குச் சிறுநீரில் சோப்பு நுரைபோல நுரை வரும். அது குறைய ஆரம்பித்தது. கண் மங்கல்தான் என்றாலும் நுரை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். காலையில் பாத்ரூமிலிருந்தே கத்துவார்: "ஏய், இன்னிக்கு நுரையே இல்லடி!" அக்கம்பக்கம் சிரிக்கும். மானம் போகிறது என்று நானும் திருப்பிக் கத்துவேன். அந்தச் சந்தோஷத்தில் வல்லக்கோட்டைக்குப் போய் முருகனுக்கு ஒரு அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தோம். எங்களுக்குக் கிடைத்தது நிஜ மருந்துதான் என்று இருவரும் முடிவே கட்டிவிட்டோம்.

மூன்றாம் மாதம் கூடத்தில் ஓர் ஆளைக் காணவில்லை. குன்றத்தூர்க்காரர், அவரும் நீல நோட்டுதான். எங்களைக் கவனித்துக்கொள்ளும் ஸ்டடிப் பெண்ணிடம் கேட்டேன். சின்ன வயசு, எல்லோரையும் அக்கா, அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். "அவருக்கு அளவு ஒத்து வரலக்கா. இப்போ ஸ்டடியில இல்ல" என்றாள்.

அளவு ஒத்து வரவில்லை என்றதும் எனக்குச் சிவப்புப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. பதினான்கு வருஷமாக நானே சொல்லிக்கொண்டிருக்கும் சொல் அது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் மிஷின் தொண்ணூற்று ஆறு காட்டியது. இன்னொரு தடவை கட்டினேன். தொண்ணூற்று நான்கு. போன் செய்ய வேண்டும். செல்போன் கையில்தான் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி அவர், "எவ்ளோ கீது?" என்றார்.

"நூத்தி இருவத்தி நாலு மாமா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன எண்ணையே நோட்டிலும் எழுதினேன். அதன் பிறகு எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. நூற்று இருபத்திரண்டு, நூற்று இருபத்தேழு, நூற்று பத்தொன்பது. பேனாவை மாற்றினேன். ஓரிடத்தில் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். வேறு தொல்லை உண்டா என்ற கட்டத்தில் தினமும் இல்லை என்று எழுதினேன். மிஷினையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். பையில் இடமில்லை என்று இரண்டு தடவை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

அவருக்கு எழுந்தால் தலை சுற்றியது. "வெயிலுடி. பிபிதான் நல்லா கீதே" என்பார். என் எண்ணை நம்பித்தான் அவர் தினமும் கேட்டுக்குப் போய் நின்றார்.

அடுத்த விசிட்டில் அங்கே பார்த்தபோதும் அழுத்தம் குறைவாகத்தான் இருந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "வீட்டுல நல்லாத்தான் இருக்கு. பஸ்ல வந்த களைப்பா இருக்கும்" என்றார். ஸ்டடிப் பெண் என் தோளில் கை வைத்து, "உங்க நோட்டு மாதிரி யாருமே எழுதுறது இல்லக்கா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பெருமையாக இருந்தது.

சித்திரை பிறந்த வாரத்தில் அவருக்குப் பேதி ஆரம்பித்தது. முதல் நாள் நான்கு தடவை, மறுநாள் எண்ணவில்லை. தண்ணீர் குடித்தால் அதுவும் வாந்தியாக வந்தது. மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் அடுப்படியில் நின்றது நினைவிருக்கிறது. நிறுத்தினால் டப்பாவில் மாத்திரை மிஞ்சும். திரும்பக் கொடுக்கும்போது எண்ணிப் பார்ப்பார்கள். ஏன் மிஞ்சியது என்று கேட்பார்கள். பிறகு அளவு ஒத்து வரவில்லை என்பார்கள். கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். கூடவே மாத்திரையையும் கொடுத்தேன். மூன்று நாளும் கொடுத்தேன். நோட்டில், தொல்லை இல்லை என்று எழுதினேன்.

நான்காம் நாள் பேதி நின்றுவிட்டது. உடம்பு பரவாயில்லை என்று வேலைக்குப் போனார். மத்தியானம் என் சூப்பர்வைசர் லைனுக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். கேட்டில் ஒரு லாரிக்காகத் தடுப்பைத் தூக்கியவர் தூக்கிய கையோடு சாய்ந்துவிட்டாராம். லாரி டிரைவர்தான் இறங்கி ஓடிவந்து தூக்கியிருக்கிறார். ஒரகடத்தில் ஒரு மருத்துவமனையில் பார்த்து, அங்கே முடியாது என்று சென்னைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பதை ஆம்புலன்ஸில்தான் என்னிடம் சொன்னார். "நீ பயப்படுவேன்னு சொல்லல" என்றார்.

சிறுநீரகம் நின்றுவிட்டது, மறுபடி வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். ஆறு வாரம் பார்த்தோம். அது திரும்பவில்லை. டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஆபரேஷன் செய்தார்கள். எங்கள் தெருக்காரர் எந்தக் கிழமைகளில் போனாரோ அதே கிழமைகளில் என் கணவரும் போக ஆரம்பித்தார்.

ஸ்டடி டாக்டர் ஒருநாள் என்னை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜையில் நீல நோட்டு இருந்தது. அவர் முகம் களைத்திருந்தது.

"பேதி இல்ல, பிபி குறையல, மாத்திரை ஒண்ணுகூட விடல. அப்படின்னா மருந்துதான் நேரா சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கணும். இதே மாத்திரையைச் சாப்பிடுற மத்தவங்களுக்கெல்லாம் தகவல் சொல்லணும். ஸ்டடியையே நிறுத்த வேண்டியிருக்கும்மா. உங்களுக்கு வேற எதாவது ஞாபகம் வருதா?"

வெளியே கூடத்தில் நீல நோட்டோடு உட்கார்ந்திருந்தவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர்களில் ஒருவருக்காவது நுரை குறைந்திருக்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொண்ணூற்று ஆறிலிருந்து ஆரம்பித்து, கஞ்சி வரைக்கும். சொல்லச் சொல்ல ஸ்டடிப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அன்று மிஷினையும் கொண்டுபோயிருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் மெமரி பட்டனை அழுத்த, நிஜ எண்கள் ஒவ்வொன்றாக வந்தன.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"போன் பண்ணியிருந்தா ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருப்போம்மா. ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏத்தியிருப்போம். அவ்வளவுதான். அதுக்காக யாரையும் வெளியே அனுப்ப மாட்டோம்" என்றார்.

குன்றத்தூர்க்காரரைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு இதயத்தில் வேறு கோளாறு கண்டுபிடித்து, அதற்கான வைத்தியத்துக்கு அனுப்பினார்களாம். இப்போது நன்றாக இருக்கிறாராம். என் கணவரின் நோட்டை இனி ஸ்டடிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது என்றும் டாக்டர் சொன்னார். எந்த ஸ்டடியில் அவரை எப்படியாவது வைத்திருக்க வேண்டும் என்று பாடுபட்டேனோ, அதிலிருந்து அவரைத் தள்ளியது என் கைதான். அவருக்குக் கிடைத்தது நிஜ மருந்தா வெறும் மாத்திரையா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அவரிடம் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் போனபோதெல்லாம் டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரரிடம், "எங்க வூட்டுக்காரி ஒரு நாள் வுடாம எழுதுனா. நம்ம நேரம், இன்னா பண்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் சாயங்காலம், சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். முழுதும் கேட்டு முடித்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடசியா நான் வேலைக்குப் போன அன்னிக்கு, காலையில எவ்ளோ இருந்துது?"

"எம்பத்தி ரெண்டு."

"நீ நூத்தி இருவத்தொண்ணுன்னு சொன்ன" என்றார். எழுந்துபோய்க் கை கழுவினார்.

அவர் என்னை அடித்திருக்கலாம். ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்தியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. இன்றும் என் கையால்தான் சாப்பிடுகிறார். பஸ்ஸில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். நான் அவரிடம் நடந்துகொண்டதைவிட நன்றாகவே என்னிடம் நடந்துகொள்கிறார்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் தினமும் பிபி பார்க்க வேண்டும். இப்போது மிஷின் பட்டையைத் தானே ஒரு கையால் சுற்றிக்கொள்கிறார். தடவித் தடவிப் பட்டனை அழுத்துகிறார். காற்று இறங்கி முடிந்ததும், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, சுவரைத் தட்டிப் பக்கத்துப் போர்ஷன் பெண்ணைக் கூப்பிடுகிறார். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த பெண். சமையலை விட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து எண்ணைப் படித்துச் சொல்கிறாள்.

"நூத்தி அறுவத்தெட்டு அண்ணாச்சி."

"சரிம்மா" என்று சொல்லி, அவர் மிஷினை அணைக்கிறார்.