ஸ்னெஜானாவின் கணினி வேகமானபோது

டான்யூப் ஆற்றங்கரையிலிருக்கும் எங்கள் ஊர் நகராட்சியில் பிறப்புப் பதிவு ஸ்னெஜானாவின் வேலை. அவளுடைய கணினியைக் காலையில் தட்டிவிட்டு, எதிர்க்கடையில் சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சா தின்று, காப்பியும் குடித்துத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரு படிவம் திறக்க இருபது நிமிடம். குழந்தை பிறந்த வீட்டில் கெட்ட தூக்கத்தையெல்லாம் அப்பாக்கள் எங்கள் பெஞ்சில்தான் தூங்கித் தீர்த்தார்கள். பக்கத்து மேசை எனக்கு; குறட்டை எல்லாம் கேட்டிருக்கிறேன்.

போன மார்ச்சில் கணினி பழுதுபார்க்கும் க்ராசிமிர் வந்தார்.

"அக்கா, இதை ஆன் பண்ணினதும் நாற்பத்தோரு புரோகிராம் கூடவே எழுந்து வருது. ராசிபலன் எதுக்கு இதுல?"

"அதுல மட்டும் கை வைக்காதே!"

வைத்தார். தானாக எழுந்து வருபவற்றை நிறுத்தினார். மின்சாரச் சிக்கன அமைப்பை முழு வேகத்துக்கு மாற்றினார். திரையின் நிழல், மினுக்கு அலங்காரங்களை எடுத்தார். குப்பைக் கோப்புகளை அழித்தார். மறுபடி ஆன் செய்தால் ஒரே நிமிடத்தில் தயார். ஸ்னெஜானா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் லாரி ஓட்டுநர் வாலென்டின் வந்தான்.

"பொண்ணுக்கு என்ன பேரு?"

"பென்கா. எங்கம்மா பேரு."

கண்மூடித் திறப்பதற்குள் சான்றிதழ் கையில். அடுத்த அரை மணியில் அவன் மாமியார் வந்து நின்றாள்.

"ராலித்சான்னு வைக்கணும்னு என் பொண்ணு சொல்லியிருந்தா. அவ ஃபோன் பண்றதுக்குள்ள அச்சடிச்சுக் குடுத்துட்டியே! உனக்கு என்னடி அவ்வளவு அவசரம்?"

வெள்ளிக்கிழமைக்குள் ஆறு பெயர்த் திருத்த மனுக்கள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த இருபது நிமிடத்தில் வீட்டிலிருந்து மூன்று ஃபோனாவது வரும். பெயர்ச் சண்டையெல்லாம் பெஞ்சிலேயே முடிந்துவிடும்.

ஸ்னெஜானா க்ராசிமிரைக் கூப்பிட்டாள். "பழையபடி மாத்திக் குடுப்பா."

"அக்கா, மெதுவாக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. எனக்கு அது தெரியவும் தெரியாது."

அன்றே ஸ்னெஜானா திரையைத் தன் பக்கம் முழுக்கத் திருப்பிவைத்தாள். யார் வந்தாலும் பெருமூச்சு விட்டு, "இன்னும் திறக்கல. உட்காரு. வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டுக்கோ" என்பாள். திரையில் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பாள். பெயர் இரண்டு முறை மாறி, குரல்கள் தணிந்ததும், "இதோ, திறந்துடுச்சு!"

திருத்த மனுக்கள் நின்றன. கணினி மெதுவென்று மேயருக்குப் போகும் புகார்கள்தான் நிற்கவில்லை. போன வாரம் மேயரே வந்து தோளைத் தட்டினார். "பாவம், இந்தப் பழசோட எவ்வளவு கஷ்டப்படறே! புதுசு ஒண்ணு வாங்கச் சொல்லியிருக்கேன்."

ஸ்னெஜானா இரண்டு கையாலும் கணினியைக் கட்டிக்கொண்டாள். "வேண்டாங்க ஐயா. இது எனக்குப் பழகிடுச்சு!"