எர்த் கம்பி இல்லாத பெட்டி

இது உண்மையாகவே நடந்தது. 1978, மே மாதம், ஒரு சனிக்கிழமை. திருவனந்தபுரம் கரமனையில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? இதில் வருகிற திரவியம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். நம்பாதவர்கள் அவன் முன்னால் ராஜையன் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

ராஜையன், திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டு பாடும் ஒரு கானமேளாக் குழுவின் முதல் கிட்டார். திரவியம் இரண்டாவது. ராஜையன் தன் கையாலேயே ஒரு பூஸ்டர் பெட்டி செய்திருந்தான். காலால் மிதித்தால் போதும், கிட்டார் சத்தம் டிரம்பெட்டையும் தாண்டி எழும்பும். கைதட்டல் எல்லாம் அவனுக்கே. திரவியத்துக்கு வயிறு எரிந்தது.

ராஜையனுக்கு ஒரு பழக்கம். எந்த மேடையானாலும் ஈர மண்ணில் ஓர் இரும்புத் தடியை அடித்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து அதற்கு எர்த் கம்பி இழுத்த பிறகுதான் கிட்டாரைத் தொடுவான். கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். மார்ச்சில் ஒரு திருவிழா மேடையில், யாரும் பார்க்காதபோது, திரவியம் அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டான். லேசாக ஷாக் அடித்து நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் நினைத்தானாம். நினைப்பாவது, மண்ணாவது. கை கிட்டார் தந்தியில் இருக்கும்போதே ராஜையனின் உதடு மைக்கில் பட்டது. அங்கேயே விழுந்து செத்தான்.

வீட்டில் செய்த பெட்டிதான் ஆளைக் கொன்றது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனும் திரவியம்தான். ராஜையனின் மனைவி தாசம்மாளும் அதை நம்பினாள். முதல் கிட்டார் இடம் திரவியத்துக்கு வந்தது. ரகசியம் வெளியே வராதவரைதான் அந்த இடம் என்று அவனுக்குத் தெரியும்.

இடம் வந்தது, சத்தம் வரவில்லை. அவனுக்கும் ஒரு பெட்டி வேண்டியிருந்தது. சாலைக் கடைத்தெருவில் பிச்சைக்கனியின் ரேடியோ உதிரிக் கடைக்குப் போனான்.

"சிலிக்கான் டிரான்சிஸ்டர் போடுதியளா, ஜெர்மேனியமா?" என்றார் பிச்சைக்கனி.

"ராஜையன் எத வாங்குவான்?"

"ஜெர்மேனியம். சத்தம் இளசா இருக்கும். சூடு தாங்காது, கேட்டியளா."

"அதையே எடும்."

கண்டன்சரிலும் அப்படியே. சின்னதைப் போட்டால் கீச்சுச் சத்தம் மட்டும் பெருகும். ராஜையன் பெரியதைப் போடுவான், அடிச் சத்தமும் திரண்டு வரும். திரவியமும் பெரியதையே எடுத்தான். செத்தவனின் ருசி மட்டும் வேண்டியிருந்தது அந்தப் பாவிக்கு.

மதியம் இரண்டரைக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். சூடு ஏறாமல் டிரான்சிஸ்டரின் காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டு ஈயம் வைத்தான். எல்லாவற்றையும் ஓர் அலுமினிய சோப்புப் பெட்டிக்குள் அடக்கினான். 3.10. ஆம்ப்ளிஃபயரில் மாட்டித் தந்தியைத் தட்டினான். அருமையான சத்தம்.

தந்தியைக் கையால் அமுக்கினான். சத்தம் நிற்கவில்லை.

3.14. கிட்டார் வயரை உருவினான். ம்ம்ம்ம்… என்ற இரைச்சல் அப்படியே இருந்தது. அந்த இரைச்சலுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

பெட்டியைத் திறந்தான். எர்த் கம்பி மட்டும் எங்கும் சேராமல் தொங்கியது. அதற்கு ஈயம் வைக்க மறந்திருந்தான். அது இல்லாமல் இந்தப் பெட்டி வேலையே செய்யாது.

பேட்டரியைப் பிடுங்கினான். இரைச்சல் கூடியது.

ஆம்ப்ளிஃபயர் பிளக்கை உருவினான்.

இன்னும் கூடியது…

"திரவியம்…"

3.21.

"எர்த்தப் புடுங்கினது… யாருலே?"

காதைப் பொத்தினான். குரல் பல்லுக்குள் கேட்டது.

"சொல்லு…"

உதடு எரிந்தது.

"சொல்லு."

"நாந்தாம்… நாந்தாம் புடுங்கினேன். விட்டிரு ராஜையா…"

டக்.

அமைதி. 3.26. கதவைத் திறந்து பார்த்தான். தெருவில் ஓர் ஆள் இல்லை. பெட்டியைக் கொண்டுபோய் ஆற்றில் எறிந்தான். யாரும் கேட்கவில்லை, அது ஒன்றுதான் நிம்மதி.

மறுநாள் காலை, நெய்யாற்றின்கரையிலிருந்து முதல் பஸ் பிடித்துத் தாசம்மாள் வந்து வாசலில் நின்றாள். அவள் அழவில்லை.

"நேத்து மூணே கால் கழிஞ்சு எனக்க வீட்டு ரேடியோல உமக்க சத்தம் கேட்டுது. பக்கத்து வீட்டுக்காரங்களும் கேட்டாவ. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்ன உமக்க மொகத்த ஒருக்கா பாக்க வந்தேன்."

திரவியம் கதவைப் பாதி சாத்தினான். "அது… ரேடியோ நாடகமா இருக்கும்."

"அந்த ரேடியோல பேட்டரி இல்ல," என்றாள் தாசம்மாள். "அவரு செத்த அண்ணைக்கே கழட்டியாச்சு."