எட்டாவது மூட்டை

என் முதலாளி பொய் சொன்னார். வியாபாரிகளின் மாதக் கூட்டத்தில், நாற்பது பேர் முன்னால், எனக்கு முதுகுவலியே கிடையாது என்றார்.

"டாக்டர் வரைக்கும் போயாச்சு. நடுவேதன மனசுலதானாம். மடியனுக்கு மனசு எங்க வேணும்னாலும் வலிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும், அதனால் நின்றேன்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருடைய மளிகை மொத்தக்கடையில் பதினெட்டு வருடமாக பில் போடுகிறேன். ஆறு வருடமாக வலி. நான் கேட்டது இரண்டே விஷயம். ஸ்டூலுக்குப் பதிலாகச் சாய்மானம் வைத்த ஒரு நாற்காலி. வாரத்தில் இரண்டு காலை, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிக்குப் போக அனுமதி. "மனசுக்கு எதுக்குடே சாயிற நாற்காலி?" என்று கேட்டார். இரண்டும் கிடைக்கவில்லை. பயிற்சிக்குப் போகாவிட்டால் இந்த வலியோடுதான் சாக வேண்டும்.

அவர் சொன்னது முழுப்பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பாதி உண்மையை எடுத்துக்கொண்டு போய்ப் பொய்யாக்கினார்.

போன ஓண விடுமுறையில் மனைவி, மகளோடு கல்லாறு போனேன். தண்ணீரில் இறங்கினேன், குனிந்து துணி பிழிந்தேன், மகளைத் தூக்கிப் பாறைமேல் உட்காரவைத்தேன். வலி இல்லை. வலி இல்லை என்பதே எனக்குத் தோன்றவில்லை. மனைவிதான் கேட்டாள்: "முதுக வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வந்தியளோ?"

திரும்பி வந்து பழவங்காடியில் இறங்கினோம். எங்கள் தெருவில் மூட்டை இறக்கும் யூனியன் ஆட்கள், சுமட்டுக்காரர்கள், டீக்கடை வாசலில் இருந்தார்கள். அவர்களின் தலைவர் எழுந்து வந்து, "அண்ணா, நடு எங்ஙனே உண்டு?" என்று முதுகைக் காட்டி அக்கறையாகக் கேட்டார். "குழப்பமில்ல", பரவாயில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவி தோள் கொடுத்துத்தான் ஆட்டோவில் ஏற்றினாள். காலையில் மகளைத் தூக்கிப் பாறைமேல் வைத்த ஆள் இவர்தானா என்பது போல் ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் நடிக்கிறேனா?

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் போனேன். சின்ன வயது, மலையாளி. என்னைக் குப்புறப் படுக்கவைத்து முதுகெலும்பு ஓரமாக விரலால் அழுத்திக்கொண்டே, எப்படித் தொடங்கியது என்று கேட்டாள். ஆறு வருடமாக எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். "குளிமுறியில வழுக்கி விழுந்தேன்." அவள் விரல் நின்றது.

"சேட்டன் இப்போ எந்தினா பேடிச்சது?"

இப்போது எதற்குப் பயந்தாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அவள் கைக்குக் கீழே என் இடுப்பு பலகை மாதிரி இறுகியிருந்தது. எனக்கும் அது தெரிந்தது. சொல்லிவிட்டேன்.

நான் குளியலறையில் வழுக்கி விழவில்லை. அது ஒரு ஹர்த்தால் நாள். முந்தின நாள் வந்த சீனி லாரி இறக்காமல் கடை வாசலில் நின்றது. மழை. தார்ப்பாய் ஒழுகியது. எங்கள் தெருவில் சரக்கைச் சுமட்டுக்காரர்கள்தான் தொட வேண்டும். கடை ஆள் கை வைத்தால் பிரச்சினையாகும், கடை நிற்கும். அன்றைக்கு அவர்கள் யாரும் இல்லை. முதலாளி ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, "சீனி நனையுதுடே, ஒரு பக்கம் நான் பிடிக்கேன்" என்றார். ஏழு மூட்டை உள்ளே போனது. எட்டாவது கையில் இருக்கும்போது தெருமுனையில் யாரோ வரும் சத்தம். அவர் தன் பக்கத்தை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். மொத்தப் பாரமும் திரும்பின இடுப்பில் இறங்கியது. வந்தது பால் வாங்கப் போன ஒரு கிழவர்.

"குளிமுறின்னு சொல்லு. யூனியனுக்குத் தெரிஞ்சா கடைய மூடணும். ஒன் சோறும் அதுலதான்." முதலாளி சொல்லிக்கொடுத்தார், நானும் அப்படியே சொன்னேன். அது என் தப்பு. அந்தச் சுமட்டுத் தலைவர் ஆறு வருடமாகத் தன் வீட்டிலிருந்து எனக்கு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பாட்டிலையும் கை நீட்டி வாங்கினேன்.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். பட்ட அடி எப்போதோ ஆறிவிட்டது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பு பயந்த இடத்திலேயே நிற்கிறது. பயம் வரும்போதெல்லாம் காயம் இன்னும் இருப்பது போல இறுக்கிப் பிடிக்கிறது. "வேதன சத்யமாணு, சேட்டா. நாடகமல்ல." வலி உண்மை என்று இன்னொரு வாய் சொல்லிக் கேட்டதும் அந்தக் கட்டிலிலேயே அழுதுவிட்டேன். பயிற்சிக்கும் நாற்காலிக்கும் அவள் கடிதம் எழுதித் தந்தாள். அதில் மனப்பதற்றம் என்று ஒரு வரி இருந்தது. முதலாளி அந்த ஒரு வரியை மட்டும் படித்தார். அதைத்தான் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்.

கூட்டம் முடிந்த மறுநாள் சுமட்டுத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைப் பாதியில் வைத்தார். "இத்தற நாள் எண்ண கொண்டு தந்நது ஆர்க்காடா? கள்ளனுக்கோ?" இத்தனை நாள் எண்ணெய் கொடுத்தது யாருக்கு, ஒரு திருடனுக்கா என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது எனக்கு வேண்டியதுதான்.

உண்மையைச் சொன்னதும் வலி போய்விட்டதா என்று மனைவி கேட்டாள். போகவில்லை. சில நாள் குறைகிறது, சில நாள் கொல்லுகிறது. இதை எழுதுவதற்குள் நான்கு தடவை எழுந்து நடந்தேன். மனசுக்கும் முதுகுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. மனசில் தொடங்குகிற வலியும் முதுகில்தான் வலிக்கிறது என்பது தெரியும்.

முதலாளி, என் பங்கை நான் சொல்லிவிட்டேன். அடுத்த மாதக் கூட்டத்தில் அதே நாற்பது பேர் இருப்பார்கள். சுமட்டுக்காரர்களையும் நான் கூப்பிடப்போகிறேன். என்னை உள்ளே கூப்பிட்டுப் பேச வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். அந்த மூட்டையைத் தூக்கச் சொன்னது யார், பாதியில் கையை விட்டது யார்? மைக்கைப் பிடித்து, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.